சேற்றுக்குள் ஒரு பலசரக்குக் கடை: தங்க வேட்டை ஊரின் முதல் வணிகக் கட்டடங்களைத் தொல்லியல் எப்படிப் படிக்கிறது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்துச் சான் ஃபிரான்சிஸ்கோ நகரின் நிதி வட்டாரத்தில், பழைய ஃபெடரல் ரிசர்வ் வங்கிக் கட்டடம் நிற்கும் மனையில், 1986ஆம் ஆண்டு ஒரு கடை கிடைத்தது. கடை என்றதும் சுவரும் கதவும் பெயர்ப் பலகையும் கொண்ட ஒரு கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். தெருமட்டத்துக்கு வெகு கீழே, கரிய சேற்றுக்குள், பாதி கரிந்த பலகைகளும் அவற்றோடு சேர்ந்து விழுந்த பீப்பாய்களும் பீங்கான் பாத்திரங்களும் இரும்புச் சாமான்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன, அவ்வளவுதான். 1851 மே மாதம் 3ஆம் தேதி இரவு மூண்ட பெருந்தீயில் எரிந்து, தான் நின்றிருந்த மரத் துறைமேடையோடு கடலுக்குள் சரிந்துபோன வில்லியம் ஹாஃப் என்பவரின் கடை அது. துறைமேடைக்கு ஹோவிசன் துறைமேடை என்று பெயர். இன்று அங்கே கடலும் இல்லை, துறைமேடையும் இல்லை. கரை அங்கிருந்து கிழக்கே பல தெருக்கள் தள்ளிப் போய்விட்டது.

இத்தகைய இடங்களைத்தான் ‘தங்க வேட்டை ஊரின் ஆரம்பகால வணிகக் கட்டடங்களின் தொல்லியல் மரபு’ என்று நீட்டி முழக்கிச் சொல்கிறார்கள். எளிமையாகச் சொன்னால், தங்கம் கிடைத்த செய்தியால் ஓரிரு ஆண்டுகளில் முளைத்த ஊரில் முதன்முதலாக எழுந்த கடைகள், கிடங்குகள், மதுக்கூடங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றில் மண்ணுக்கு மேலும் கீழும் எஞ்சியிருப்பவை அனைத்தும் இதில் அடங்கும். இருநூறு ஆண்டுகள்கூட ஆகாத ஒன்றுக்குத் தொல்லியல் எதற்கு, செய்தித்தாளும் பேரேடும் இருந்த காலம்தானே அது என்ற கேள்வி எழுவது இயல்பு. எழுத்து ஆவணங்கள் நிறைந்த காலத்தைத் தோண்டிப் படிக்கும் இத்துறைக்கு வரலாற்றுக் காலத் தொல்லியல் என்று பெயர். அந்தக் காலத்துச் செய்தித்தாள் விளம்பரம், வணிகர் எதை விற்க விரும்பினார் என்பதைச் சொல்லும். கப்பலின் சரக்குச் சீட்டு, எது வந்து இறங்கியது என்பதைச் சொல்லும். ஆனால் ஒரு குறிப்பிட்ட இரவில் ஒரு குறிப்பிட்ட கடையின் அலமாரித் தட்டில் எது உட்கார்ந்திருந்தது, எது மாதக்கணக்கில் நகராமல் மூலையில் கிடந்தது என்பதை அவை இரண்டும் சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடியது அந்தக் கடையின் மிச்சம் மட்டுமே.

ஊர் எப்படி உருவானது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதன் கடைகள் ஏன் கடலுக்குள் விழுந்தன என்பது புரியும். 1847 வரை யெர்பா புவேனா என்ற பெயரில் இருந்த அந்தச் சிற்றூரில், 1848 தொடக்கத்தில் ஆயிரம் பேர்கூட இல்லை. அந்த ஆண்டு ஜனவரி 24ஆம் தேதி, உள்நாட்டில் கொலோமா என்ற இடத்தில் சட்டர் என்பவருக்காகக் கட்டப்பட்டுவந்த மர அறுவை ஆலையின் நீரோடையில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துகள்களைக் கண்டார். செய்தி உலகமெங்கும் பரவ, 1849 முடிவதற்குள் ஊரின் மக்கள்தொகை 20,000ஐத் தாண்டியது. அவர்களுக்குப் பின்னால் சந்தையும் வந்தது. ஆனால் ஊருக்குப் பின்புறம் மணல் மேடுகளும் குன்றுகளும்; முன்புறம் ஆழமற்ற ஒரு சிறு குடா. கரையோரம் அன்று மாண்ட்கோமரி தெரு வரை வந்திருந்தது. பெரிய கப்பல்கள் அதற்கு அப்பால், ஆழமான நீரில்தான் நங்கூரமிட முடியும். ஆகவே வணிகம் கரையில் நிற்காமல் கடலை நோக்கி நடந்தது: மரத் தூண்களை ஊன்றி நீண்ட துறைமேடைகள் கட்டினார்கள், அவற்றின் இருமருங்கிலும் கடைகள் எழுந்தன. குடாவின் நீர்ப்பரப்பையே மனைகளாக வரைந்து, ‘நீர் மனை’ என்று பெயரிட்டு ஏலம் விட்டார்கள். தண்ணீருக்குப் பத்திரம் எழுதி வாங்கிய ஊர் அது. வாங்கியவர்கள் ஏமாளிகள் அல்லர் என்பது பின்னால் தெரிந்தது.

இந்த ஊரில் எதுவும் விளையவில்லை, எதுவும் உற்பத்தியாகவும் இல்லை. சாப்பிடும் பன்றி இறைச்சியிலிருந்து சுவரில் அடிக்கும் ஆணி வரை ஏறத்தாழ எல்லாமே கப்பலில்தான் வந்தன. நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ சரக்கு ஏற்றிய கப்பல், தென் அமெரிக்காவின் தென்கோடி முனையைச் சுற்றி வந்து சேர ஐந்து மாதங்களுக்கு மேல் ஆகும். சான் ஃபிரான்சிஸ்கோவில் சமையல் அடுப்புக்குத் தட்டுப்பாடு என்று எழுதிய கடிதம் அங்கே போய்ச் சேர ஒன்றிரண்டு மாதம், சரக்கு திரும்பி வர ஐந்தாறு மாதம் என்று கணக்கிட்டால், அடுப்பு வந்து இறங்கும்போது தட்டுப்பாடு பழங்கதையாகியிருக்கும். அதே கடிதத்தைப் படித்த இன்னும் பத்துப் பேரும் அடுப்பையே அனுப்பியிருப்பார்கள். நேற்று தங்கத்தின் எடைக்கு விற்றது இன்று கேட்பாரற்றுக் கிடக்கும். 1849 மழைக்காலத்தில் முழங்கால் அளவுச் சேறாகிப்போன தெருக்களில், சிலி நாட்டு மாவு மூட்டைகளையும் சமையல் அடுப்புகளையும் புகையிலைப் பெட்டிகளையும் வரிசையாகப் புதைத்து நடைபாதை அமைத்தார்கள் என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். வேடிக்கைக்காகச் செய்ததல்ல அது. பலகை வாங்குவதைவிட விற்காத சரக்கைப் புதைப்பது மலிவாக இருந்தது. கிடங்கு வாடகை கொடுத்து அவற்றை வைத்திருப்பது அதைவிட நட்டம்.

கிடங்குக்கும் தட்டுப்பாடு இருந்தது. கட்ட மரம் இல்லை, தச்சர் இல்லை. இருந்த தச்சரும் தங்கம் தோண்டப் போய்விட்டனர். குடாவிலோ, மாலுமிகள் ஓடிவிட்டதால் நூற்றுக்கணக்கான கப்பல்கள் ஆளின்றி நின்றன. இரண்டையும் இணைத்துப் பார்த்தவர்கள் கப்பலையே கடையாக்கினார்கள். நியான்டிக் என்ற கப்பல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திமிங்கில வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்த அது, பனாமாவிலிருந்து ஏறத்தாழ 250 பயணிகளை ஏற்றிக்கொண்டு 1849 ஜூலையில் வந்து சேர்ந்தது. மாலுமிகள் இறங்கிப் போனபின் அதை ஏற்றநீரில் இழுத்து வந்து, இன்றைய கிளே தெருவும் சான்சம் தெருவும் சந்திக்கும் இடத்தில் சேற்றில் தட்டவைத்து, பாய்மரங்களை அகற்றி, மேல்தளத்தில் கூரை வேய்ந்து, பக்கவாட்டில் கதவு அறுத்து, கிடங்காகவும் அலுவலகமாகவும் வாடகைக்கு விட்டார்கள். ஒரு தெரு தள்ளி, கிளே தெருவும் பேட்டரி தெருவும் சந்திக்கும் மூலையில், ஜெனரல் ஹாரிசன் என்ற இன்னொரு கப்பல் அதே போல் கிடங்கானது. துறைமேடைகள் நீண்டு வந்து இந்தக் கப்பல்களைச் சூழ்ந்துகொள்ள, அவை தெருவோரக் கட்டடங்களாகவே மாறின.

பிறகு தீ. 1849 டிசம்பர் 24 முதல் 1851 ஜூன் 22 வரையிலான ஒன்றரை ஆண்டில் அந்த ஊர் ஆறு முறை பெரிதாக எரிந்தது. அவற்றில் மிகக் கொடியது 1851 மே 3ஆம் தேதி இரவு பதினொரு மணியளவில் தொடங்கி மறுநாள் காலை வரை எரிந்த தீ. சேற்றுக்குத் தீர்வாகத் தெருக்களில் பலகை பாவியிருந்தார்கள்; பலகைகளுக்கு அடியில் இருந்த வெற்றிடம் புகைக்கூண்டு போல் காற்றை இழுத்து, நெருப்பை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குக் கடத்தியது. பதினெட்டு முழுத் தெருச் சதுக்கங்கள் அழிந்தன. தீப்பிடிக்காது என்று நம்பி இங்கிலாந்திலிருந்து துண்டு துண்டாக வரவழைத்துப் பூட்டிய இரும்புக் கடைகளின் கதை அதைவிடத் துயரமானது. வெப்பத்தில் இரும்புக் கதவுகள் விரிந்து நிலைகளில் இறுகிக்கொள்ள, சரக்கைக் காக்க உள்ளே தங்கியவர்களில் சிலர் வெளியே வர முடியாமல் மாண்டனர். ஹாஃப் கடை, நியான்டிக், ஜெனரல் ஹாரிசன் மூன்றும் இந்த ஒரே தீயில் எரிந்தவை. தொல்லியலாளர்களுக்கு இந்த ஒற்றுமை பெரிய வாய்ப்பு. மூன்று வெவ்வேறு வணிக இடங்களின் சரக்கை, ஒரே இரவின் நிலையில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

இங்கே அடிப்படையான ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கடையின் பொருள் மண்ணுக்குள் போவதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. முதலாவது குப்பை: கடைக்குப் பின்னால் இருந்த குழியிலோ பழைய கிணற்றிலோ கழிப்பறைத் தொட்டியிலோ அன்றாடம் எறியப்பட்டவை. உடைந்த கோப்பை, காலிப் புட்டி, எலும்பு, தேய்ந்த செருப்பு ஆகியன இதில் இருக்கும். இவை பயன்பட்டு முடிந்தவை. இரண்டாவது கைவிடல்: தங்கம் தீர்ந்து ஊர் காலியாகும்போது வணிகர் எடுத்துப்போகத் தகுந்ததை எடுத்துக்கொண்டு, வண்டிக்கூலிக்குப் பெறாததை விட்டுப் போவார்; ஆகவே கிடைப்பது வடிகட்டிய மிச்சம். மூன்றாவது பேரிடர்: எடுக்கவும் நேரமில்லை, எறியவும் நேரமில்லை, நல்லது கெட்டது, விற்பது விற்காதது எல்லாம் இருந்தது இருந்தபடி விழும். பொதுவாகக் கடையில் நன்றாக விற்ற பொருள் கடையில் கிடைக்காது, வாங்கியவர் வீட்டில்தான் கிடைக்கும். எரிந்து விழுந்த கடை மட்டும் இதற்கு விதிவிலக்கு. அது கடைக்காரர் எழுதாமல் விட்ட இருப்புப் பட்டியல்.

தீயில் எரிந்தது எப்படி எஞ்சும்? துறைமேடைக் கடை எரியும்போது மேற்பகுதிதான் முழுதாகச் சாம்பலாகிறது. தளம் தீய்ந்து உடைந்ததும் கீழே இருந்த சரக்கு அப்படியே நீருக்குள் விழுகிறது, நெருப்பு அணைந்துவிடுகிறது. கப்பல்களும் நீர்மட்டம் வரைதான் எரிந்தன. அதற்குக் கீழே இருந்த அடிப்பாகம் கரிந்த விளிம்போடு சேற்றில் நின்றது. ஊரார் காத்திருக்கவில்லை. சில நாட்களிலேயே புதுத் தூண்களை அடித்துப் புதுக் கடை கட்டத் தொடங்கினார்கள். நீராவியால் இயங்கும் தோண்டு இயந்திரத்தைக் கொண்டு மணல் மேடுகளை அறுத்து, அந்த மணலைக் குடாவில் கொட்டி, சில ஆண்டுகளில் நீர் மனைகளை உண்மையான மனைகளாக்கினார்கள். மூடப்பட்ட சேற்றில் காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் மரத்தையும் தோலையும் துணியையும் தின்னும் நுண்ணுயிர்கள் வேலை செய்வது மிகக் குறைவு. கப்பல் மரத்தைத் துளைக்கும் கடற்புழுவும் அங்கே வாழாது. வெயிலும் மழையும் படும் தரையில் ஐந்தாண்டில் மக்கிப்போகும் ஒரு காலணி, அந்தச் சேற்றில் நூறாண்டுக்கு மேல் தையலோடு இருக்கும். ஆனால் வெளியே எடுத்தவுடன் ஆபத்து தொடங்கும். நீரில் ஊறிய மரத்தை அப்படியே உலரவிட்டால் அது சுருங்கி வெடித்துவிடும். ஆதலால் ஈரத்திலேயே வைத்திருந்து, மரத்தின் நுண்ணறைகளில் உள்ள நீரின் இடத்தில் மெழுகு போன்ற ஒரு வேதிப்பொருளை மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் புகுத்த வேண்டியிருக்கிறது.

கிடைத்தது கடை என்று எப்படித் தெரியும், வீடாக இருக்கலாமே என்பது அடுத்த கேள்வி. எண்ணிக்கையும் ஒருமையும்தான் முதல் தடயம். ஒரு வீட்டில் பன்னிரண்டு தட்டுகள் இருந்தால் அவை நான்கு வகையாக இருக்கும். கத்தி கீறிய தடம், தேய்ந்த விளிம்பு, ஒட்டுப்போட்ட விரிசல் இருக்கும். கடையில் ஒரே வகைத் தட்டுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியபடி, கீறலே இல்லாமல், சில வேளைகளில் இடையில் வைத்த வைக்கோலின் அடையாளத்தோடு இருக்கும். இரண்டாவது தடயம் பொதி. பெட்டிப் பலகையில் சுட்ட முத்திரை, பீப்பாயின் மூடி, வளையம், காரீயத் தாள் போன்றவை மொத்தச் சரக்கின் அடையாளங்கள். மூன்றாவது, சேர்க்கை. ஒரு குடும்பத்துக்கு இருபது கடப்பாரை தேவையில்லை.

ஒரு தட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பீங்கான் தட்டின் அடியில் சில வேளைகளில் சாய்சதுர வடிவில் ஒரு சிறு முத்திரை இருக்கும். தங்கள் வடிவமைப்பைப் பிறர் நகல் எடுக்காமலிருக்க உற்பத்தியாளர்கள் அதைப் பதிவு செய்ததன் அடையாளம் இது. 1842 முதல் 1883 வரை வழக்கில் இருந்தது. முத்திரையின் உச்சியில் உள்ள வட்டத்தில் பொருளின் வகையைக் குறிக்கும் எண். உள்மூலைகளில் ஆண்டுக்கு ஓர் எழுத்து, மாதத்துக்கு ஓர் எழுத்து, நாளுக்கு ஓர் எண். இதைப் படிக்கத் தெரிந்தவர் அந்த வடிவமைப்பு எந்த நாளில் பதிவானது என்று சொல்லிவிடலாம். ஆனால் அது தட்டு செய்த நாள் அன்று. அதற்கு முன்பு செய்திருக்க முடியாது என்பதற்கான எல்லை மட்டுமே. தொல்லியலில் இதை ‘இதற்கு முன்னன்று’ என்ற எல்லையாகக் கொள்வார்கள். ஓர் அடுக்கில் கிடைத்த பொருள்களில் மிகப் புதியது 1849ஐச் சேர்ந்தது என்றால், அந்த அடுக்கு 1849க்கு முன் உருவாகியிருக்க முடியாது. அதே அடுக்கின்மேல் 1851 மே மாதத்துச் சாம்பல் மூடியிருந்தால், ‘இதற்குப் பின்னன்று’ என்ற மறு எல்லையும் கிடைத்துவிடுகிறது. இரண்டு எல்லைகளுக்கும் இடையே இரண்டே ஆண்டு. தொல்லியலில் இவ்வளவு இறுக்கமான காலக்கணக்கு அரிது. ஹாஃப் கடையில் கிடைத்த சீனப் பீங்கான் வகைகள் ஆய்வாளர்களுக்கு மிகவும் பயன்படுவதும் இதனால்தான். பிற ஊர்களில் தேதி தெரியாமல் கிடைக்கும் அதே வகைப் பாத்திரங்களை இவற்றோடு ஒப்பிட்டுக் காலம் கணிக்க முடிகிறது.

அடுத்து ஒரு பீப்பாய். ஹாஃப் கடையின் எச்சங்களில் உப்பிட்டுப் பதனிட்ட பன்றி இறைச்சியும் இருந்தது. இறைச்சி போய்விட்டாலும் எலும்புகள் இருக்கின்றன. எலும்பில் வெட்டுக்கத்தியும் ரம்பமும் பட்ட தடங்கள் இருக்கின்றன. அக்கால அமெரிக்காவில் பீப்பாய் இறைச்சிக்குத் தர வரிசை இருந்தது. ஒரு பீப்பாய்க்கு 200 பவுண்டு எடை என்பது கணக்கு. உயர்ந்த தரத்தில் விலாப்பகுதித் துண்டுகள் இருக்கும். தாழ்ந்த தரத்தில் தலையும் தோள்பட்டையும் கலந்திருக்கும். ஆக, எந்தெந்த உடற்பகுதியின் எலும்புகள் எந்த அளவில் உள்ளன என்று எண்ணினாலே, தங்க வேட்டைக்காரர்களுக்கு எந்தத் தர இறைச்சி வந்தது, சொன்ன தரமும் உள்ளே இருந்த தரமும் ஒத்துப்போயினவா என்றெல்லாம் கேட்கத் தொடங்கலாம். மண்ணிலிருந்து வரும் சான்றுகளில் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது இந்த வகைதான். விளம்பரத்தில் வணிகர் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் எலும்பை மாற்றி எழுத முடியாது.

இப்படிப் படிக்கும்போது சறுக்கக்கூடிய இடங்களும் உண்டு. சீனப் பாத்திரம் கிடைத்தால் கடை சீனருடையது என்று முடிவு கட்டுவது அவற்றில் முதன்மையானது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் சீனாவின் காண்டன் துறைமுகம் நியூயார்க்கைவிடக் கப்பல் நாள்கணக்கில் அருகில். எனவே சீனச் சரக்கை எல்லோரும் வாங்கினார்கள், எல்லோரும் விற்றார்கள். ஹாஃப் சீனர் அல்லர். புட்டியை வைத்து உள்ளடக்கத்தைச் சொல்வதும் அப்படியே. கண்ணாடி அரிதான ஊரில் ஒரு மதுப்புட்டி மூன்று முறை வேறு வேறு திரவம் சுமந்திருக்கும். அடைப்பும் முத்திரையும் கலையாமல் இருந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். இன்னொன்று, தீக்குப் பிறகு நடந்த தேடல். எரிந்த இடத்தில் எஞ்சிய செம்பையும் இரும்பையும் மரத்தையும் எடுத்து விற்பதே ஒரு தொழிலாக இருந்தது. அதே ஊரின் கரையோரத்தில் ரிங்கன் முனையில் சார்லஸ் ஹேர் என்பவர் சீனத் தொழிலாளர்களைக் கொண்டு பழைய கப்பல்களை உடைத்து, அவற்றின் உலோகத்தையும் மரத்தையும் விற்றுவந்தார். ஆகையால் தோண்டும்போது ஒரு பொருள் கிடைக்கவில்லை என்றால், அது கடையில் இருந்ததில்லை என்றும் பொருள்படலாம், யாரோ முன்பே எடுத்துவிட்டார்கள் என்றும் பொருள்படலாம்.

தங்க வேட்டையில் தங்கம் தோண்டியவன் தோற்றான், அவனுக்குக் கடப்பாரை விற்றவனே வென்றான் என்று ஒரு பேச்சு உலகமெங்கும் உண்டு. சாமுவேல் பிரனன் என்ற வணிகர் இதற்கு மேற்கோளாகக் காட்டப்படுவார். 1848 மே மாதம் ஒரு புட்டியில் தங்கத் துகளை எடுத்துக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோ தெருவில் கூவியபடி நடந்து, தங்கப் பகுதிக்கு அருகில் தான் வைத்திருந்த கடைக்குக் கூட்டம் சேர்த்தவர் அவர். ஆனால் சேறு காட்டும் கதை இவ்வளவு நேரானதன்று. ஒரு பொருளைச் சரியான மாதத்தில் கையில் வைத்திருந்தவர் கொழித்தார். அதே பொருளை இரண்டு மாதம் கழித்துப் பெற்றவர் அதைத் தெருச் சேற்றில் புதைத்தார். கிடங்குக் கப்பல்களில் சரக்கு அடைந்து கிடந்ததற்கு விற்பனை செழித்தது காரணமல்ல. விலை ஏறும்வரை காத்திருக்க வேண்டியிருந்ததே காரணம். பிரனனும் சேர்த்ததையெல்லாம் இழந்து 1889இல் வறுமையில் இறந்தார். கடற்சார் தொல்லியலாளர் ஜேம்ஸ் டெல்கடோ இந்தக் கரையோரத்தை ஒரு தனி ஊரின் சந்தையாகப் பார்க்காமல், பசிபிக் கடலையும் அட்லாண்டிக் கடலையும் இணைத்த உலக வணிகத்தின் ஒரு முனையாகப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துவதும் இதை ஒட்டியே. இங்கிலாந்தின் லிவர்பூலிலும் சிலியின் வால்பரைசோவிலும் காண்டனிலும் எடுத்த முடிவுகள்தாம் ஹாஃப் கடையின் அலமாரித் தட்டில் வந்து உட்கார்ந்தன.

இவற்றைக் காப்பது தனிப் பாடு. தரைக்கு மேலே நிற்கும் மரபு கண்ணுக்குத் தெரியும். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜாக்சன் சதுக்கப் பகுதியில், தீயிலிருந்து பாடம் கற்றுச் செங்கல்லால் கட்டிய 1850களின் வணிகக் கட்டடங்கள் சில, 1906ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தையும் தீயையும் தாண்டி இன்றும் நிற்கின்றன. உள்நாட்டில், தங்கப் பகுதிக்கு வாயிலாக இருந்த சாக்ரமெண்டோவில் பகை நெருப்போடு வெள்ளமும். 1861–62 வெள்ளத்துக்குப் பிறகு அங்கே தெருக்களையே மேலேற்றினார்கள், பழைய கடைகளின் தரைத்தளங்கள் நிலவறைகளாயின. இன்று அந்த நிலவறைகளுக்குள் இறங்கி நடந்தால் 1850களின் கடை வாசலைக் காணலாம். ஆனால் புதைந்து கிடப்பது அப்படியன்று. வானளாவிய கட்டடத்துக்கு ஆழமான அடித்தளம் தோண்டும் நாளில்தான் அது வெளிப்படும். வெளிப்படும் அதே நாளில்தான் அது அழியவும் தொடங்கும். 1966ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டமும், 1970ஆம் ஆண்டின் கலிஃபோர்னியச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், தங்கள் வரம்புக்குள் வரும் கட்டுமானங்களில் தோண்டுவதற்கு முன்பே பழைய வரைபடங்களைப் பார்த்து, என்ன அகப்படக்கூடும் என்று ஆராயும் கடமையை ஏற்படுத்தின. ஹாஃப் கடையும் ஜெனரல் ஹாரிசனும் தொல்லியலாளர்களின் கையில் முறையாகத் தோண்டப்பட்டதற்கு இப்படி மெல்ல வேரூன்றிய நடைமுறையே காரணம்.

நியான்டிக்கின் கதை அந்த நடைமுறை முழுதாக வேரூன்றாத காலத்தைக் காட்டுகிறது. 1851இல் எரிந்த கப்பலின் மேலேயே நியான்டிக் விடுதி என்ற கட்டடம் எழுந்தது. 1872இல் அந்த விடுதியை இடித்தபோது கப்பல் தெரிந்தது. உள்ளே ஷாம்பெயின் இருந்தது. 1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு மறுபடி கட்டியபோது இரண்டாம் முறையாகத் தெரிந்தது. பின்னர் அந்த இடம் மாநில வரலாற்று அடையாளங்களின் பட்டியலில் 88ஆம் எண்ணாகவும் பதிவாயிற்று. கீழே கப்பல் இருக்கிறது என்பது ஒளிவுமறைவான செய்தியாக இருக்கவில்லை. ஆனாலும் 1978இல் புதுக் கட்டடத்துக்குத் தோண்டியபோது, அருங்காட்சியகத்தார் அவசர அவசரமாகப் பொருள்களை எடுத்து ஆவணப்படுத்த வேண்டிய நிலைதான் ஏற்பட்டது. கப்பலின் அடிப்பாகத்தில் பெரும்பகுதி உடைக்கப்பட்டது. எஞ்சிய பின்பகுதித் துண்டு ஒன்றை இன்று சான் ஃபிரான்சிஸ்கோ கடல்சார் தேசிய வரலாற்றுப் பூங்காவின் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஒரே கப்பலை மூன்று முறை கண்டெடுத்து, மூன்றாம் முறை இழப்பது என்பது கட்டுமான அவசரம் எப்படிப்பட்டது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாத எடுத்துக்காட்டு.

2001இல் ஜெனரல் ஹாரிசன் வெளிப்பட்டபோது நிலைமை மாறியிருந்தது. தொல்லியலாளர்கள் மணலையும் சேற்றையும் அடுக்கடுக்காக நீக்கி, கரிந்த விளிம்பையும் அதனுள் எஞ்சியிருந்த சரக்கையும் வரைந்து, அளந்து, மாதிரி எடுத்தார்கள். மதுப்புட்டிகளும் இரும்புச் சாமான்களும் எரிந்த கோதுமையும் அந்தச் சரக்கில் இருந்தன. ஆய்வு முடிந்ததும் கப்பலின் அடிப்பாகத்தை வெளியே இழுக்காமல், இருந்த இடத்திலேயே மீண்டும் மூடிவிட்டு, அதன் மேலே கட்டடத்தை எழுப்பினார்கள். ஒரு பெரிய மரக் கப்பலை வெளியே எடுத்து ஆண்டுக்கணக்கில் ஊறவைத்துப் பதப்படுத்தும் செலவை எந்த அருங்காட்சியகமும் எளிதில் ஏற்காது என்பதால், காற்றில்லாச் சேறே அதற்கு மலிவான காப்பகம். கிளே தெருவில் நடந்து பேட்டரி தெருவைக் கடப்பவர்களின் காலடியில், எரிந்த கோதுமை மணம் வீசிய அந்தச் சேற்றுக்குள், அது இன்னும் கிடக்கிறது.